விலை பேசும் வேத பாஷை

ஒரு பாஷைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பண்டிதர் வீட்டுக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை. காய்கறிக் கடைக்குப் போனால் போதும். கூடையை இடுக்கிக்கொண்டு வருகிற பெண்மணி கத்தரிக்காய் என்ன விலை என்று எந்தப் பாஷையில் கேட்கிறாளோ, கடைக்காரன் எந்தப் பாஷையில் ஆணையிட்டுக் காலணாக் குறைக்க மறுக்கிறானோ, அதுதான் அந்த ஊரின் பாஷை.

இந்தப் பரீட்சையில் ஹீப்ரு பாஷை சுமார் 1,700 வருஷ காலம் தேறாமலே இருந்தது. கி.பி. 200-ஆம் ஆண்டை ஒட்டி அது வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்து போயிற்று. அதற்காக அது இறந்துவிட்டதென்று சொல்லிவிடவும் முடியாது. யூதர்கள் அதில் பிரார்த்தனை செய்தார்கள், கவி பாடினார்கள், தர்ம சாஸ்திரத்துக்கு வியாக்கியானம் எழுதினார்கள், தூர தேசத்தில் இருந்த தங்கள் சகோதரர்களுக்குக் கடிதமும் வரைந்தார்கள். ஆனால் பாலுக்கும் விறகுக்கும் பேரம் பேசும்போது மட்டும் போலந்தில் இருந்தவர்கள் யித்திஷிலும், துருக்கியில் இருந்தவர்கள் லடீனோவிலும், பாக்தாதில் இருந்தவர்கள் அரபியிலும் பேசினார்கள். நம் கொச்சியில் இருந்தவர்கள் மலையாளத்தில் பேசினார்கள். வேத பாஷை பெட்டியில் வைத்த பட்டுப் புடவையைப் போல் விசேஷ நாட்களுக்கென்று பத்திரமாக இருந்தது.

இன்று சுமார் 90 லட்சம் ஜனங்கள் அந்தப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். சமையல் செய்கிறார்கள்; சண்டை போடுகிறார்கள். கறை படாமல் இருக்குமா? அந்தக் கறைகளைப் பார்ப்பதற்காகவே ஜெருஸலேம் நகரத்தின் மஹனே யெஹூதா மார்க்கெட்டுக்கு ஒரு வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ போய் வரவேண்டும்.

யாபா ரஸ்தாவுக்கும் அக்ரிப்பாஸ் வீதிக்கும் நடுவே இருக்கிறது இந்த மார்க்கெட். பக்கத்தில் 1887-ல் ஏற்பட்ட குடியிருப்பின் பெயரே இதற்கும் நிலைத்துவிட்டது. கூரை போட்ட ஒரு நீளமான சந்து. திறந்த வெளியில் ஒரு வீதி. இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சந்துகள். அந்தச் சந்துகளுக்குப் பெயர் வைத்தவர் ரஸிகராக இருக்கவேண்டும். பேரிக்காய் வீதி, பீச்சுப்பழ வீதி, பாதாம் வீதி, ஆப்பிள் வீதி! ஊறப் போட்ட ஆலிவ் காய்கள் பீப்பாய் பீப்பாயாக நிற்கின்றன. பேரீச்சம்பழம் மலை மலையாகக் குவிந்திருக்கிறது. எள்ளை அரைத்துச் செய்த அல்வாவைச் சக்கரம் சக்கரமாக அடுக்கி வைத்துக் கத்தியால் சீவிக் கொடுக்கிறார்கள். கடைக்காரர்கள் போடுகிற கூச்சலைக் கேட்டால் நமக்குக் கொத்தவால் சாவடி ஞாபகம் வரும்.

அங்கே முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய வாக்கியம், "காமா ஸெ ஓலே?" "இது என்ன விலை?" என்பதுதான் பொருள். ஆனால் சொல்லுக்குச் சொல் பிரித்தால், "இது எவ்வளவு ஏறுகிறது?" என்று ஆகும். நாமும் விலை ஏறிவிட்டது என்கிறோம். எனினும் நம் ஊரில் விலை சில சமயங்களில்தான் ஏறும். ஹீப்ருவில் எல்லாச் சாமான்களும் எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கின்றன, கொத்துமல்லிக் கட்டு உள்பட.

இந்த 'ஏறுதல்' சாமான்யமான சொல் அல்ல. பழைய காலத்தில் திருவிழாவுக்காக ஜெருஸலேம் மலைமேல் ஏறிப் போவதற்கு இதுவே சொல். கோவிலில் வேதச் சுருளைப் படிக்க மேடைக்கு அழைக்கப்படுவதற்கும் இதுவே. அயல் தேசத்திலிருந்து யூதர் ஒருவர் இஸ்ரேலில் குடியேறுவதை 'அலியா' என்கிறார்கள். அதுவும் இந்த வேரில் பிறந்ததுதான். அப்படிக் குடியேறியவர்கள் 'ஓலிம்', ஏறியவர்கள். 'விலைகள் ஏறுகின்றன' என்று சொல்ல விரும்பினாலும் அதே 'ஓலிம்' என்ற சொல்தான் வரும். கூட்டமாக ஜனங்கள் வந்து ஏறின காலங்களில் வீட்டு வாடகையும் கூடவே ஏறிற்று. ஆகையால் அந்நாட்டாருக்கு இந்தச் சிலேடையை யாரும் விளக்கிச் சொல்லவேண்டிய தேவை ஏற்பட்டதில்லை.

விலை அதிகம் என்பதற்கு 'யாகர்' என்று சொல்லவேண்டும். அன்புக்குரியவன் என்பதற்கும் 'யாகர்' என்றே சொல்லவேண்டும். நம் பெரியவர்களும் கிராக்கியான சரக்கை 'விலை பிரியம்' என்று சொன்னதுண்டு அல்லவா? அது போலத்தான். மலிவு என்பதற்கு 'ஸோல்'. சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து, முகத்தைச் சற்றுச் சுளித்து, "யாகர்!" என்று சொல்லிவிட்டு இரண்டு அடி நகர்ந்தால், பாஷையில் பாதி கற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்ளலாம். மறுபாதி, கடைக்காரன் கூப்பிடும்போது திரும்பிப் பார்ப்பது. ஏமாந்த சோணகிரியை அங்கே 'ஃப்ராயர்' என்பார்கள். அந்தப் பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

பணத்துக்கு ஹீப்ருவில் 'கெஸெஃப்' என்று பெயர். அதன் நேர்ப் பொருள் வெள்ளி. மலேயாத் தமிழர்கள் அந்நாட்டு நாணயத்தை 'வெள்ளி' என்றே வழங்குவது நம் நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். அடிக்காத நாணயத்தை எண்ண முடியாது; நிறுத்துத்தான் பார்க்கவேண்டும். ஆகவே 'நிறுத்தல்' என்ற வேரிலிருந்து 'ஷெகெல்' வந்தது. தராசில் காட்டும் எடையை இன்றும் 'மிஷ்கால்' என்கிறார்கள். நம் தமிழ்ப் பைபிளில் 'சேக்கல்' என்று வருவதும் இதே சொல்தான். ஆபிரகாம் தம் மனைவி சாராளை அடக்கம் செய்ய ஒரு குகையை விலைக்குக் கேட்கிறார். நிலத்துக்கு உடையவன் முதலில் சும்மாவே எடுத்துக்கொள்ளும்படி உபசாரம் சொல்லுகிறான். பிறகு, நமக்குள் இது ஒரு தொகையா என்ற பாவனையில் 400 சேக்கல் என்ற எண்ணைப் பேச்சோடு பேச்சாகப் போட்டு வைக்கிறான். ஆபிரகாம் ஒரு பேரமும் பேசாமல், வியாபாரிகளிடையே செல்லுபடியாகும் வெள்ளியாக நிறுத்துக் கொடுத்துவிடுகிறார். துக்க வீட்டில் பேரம் பேச மனம் வருமா? 'வியாபாரிகளிடையே செல்லுபடியாகும்' என்று அந்தக் கதையில் வருகிற சொற்றொடரை இன்றும் அந்நாட்டார் செலாவணிப் பணத்துக்கு வழங்குகிறார்கள்.

ஆபிரகாமின் ஷெகெல் திரும்பி வருவதற்கு முன் அந்தத் தேசத்தில் பல நாணயங்கள் வந்து போயின. துருக்கியர் ஆண்டபோது கூருஷ் இருந்தது. பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். 1927-ல் பலஸ்தீனப் பவுன் ஏற்பட்டது. பவுனுக்கு 1,000 மில். அந்த நாணயங்களில் ஆங்கிலம், அரபி, ஹீப்ரு மூன்று எழுத்துக்களும் உண்டு. ஹீப்ருவில் 'பலஸ்தீனா' என்று பொறித்து, பக்கத்தில் 'இஸ்ரேல் நாடு' என்பதன் முதலெழுத்துக்கள் இரண்டை மட்டும் அடைப்புக்குள் போட்டார்கள். இரண்டு எழுத்துப் போதாது என்று யூதர்களுக்கு வருத்தம். அந்த இரண்டும் ஏன் என்று அரபிகளுக்கு வருத்தம். காசு சிறியதுதான், அதற்குள் ஒரு தேசத்து வழக்கு முழுவதும் அடங்கியிருந்தது.

1948-ல் இஸ்ரேல் ஏற்பட்ட பிறகு லிரா என்ற நாணயம் வழங்கிற்று. 1980-ல் பத்து லிராவுக்கு ஒரு ஷெகெல் என்று மாற்றினார்கள். பெயர் புராதனமாக இருந்ததே ஒழிய மதிப்பு நிற்கவில்லை. 1984-ல் விலைகள் ஒரே வருஷத்தில் நாலு மடங்குக்கு மேல் ஏறி, கடைக்காரர்கள் விலைச் சீட்டுகளை மாற்றி மாற்றிக் கை ஓய்ந்தார்கள். 1985-ல் ஆயிரம் பழைய ஷெகெலுக்கு ஒரு புது ஷெகெல் என்று மூன்று பூஜ்யங்களை வெட்டி எறிந்த பிறகே மூச்சு விட முடிந்தது. இப்போது வழங்குவது அந்தப் புது ஷெகெல்தான். ஒரு ஷெகெலுக்கு 100 அகோரா. அகோராவும் பைபிள் சொல்லே.

ஷெகெல் நோட்டுக்களை ஒரு கணம் கையில் வைத்துப் பார்க்கவேண்டும். இப்போது வழங்கும் நாலு நோட்டுக்களிலும் ராஜாவோ மந்திரியோ இல்லை. நாலு கவிகள் இருக்கிறார்கள். 20 ஷெகெலில் ராஹேல் என்ற கவியரசி, 50-ல் ட்சர்னிஹோவ்ஸ்கி, 100-ல் லேயா கோல்ட்பெர்க், 200-ல் நாதன் ஆல்டர்மன். 2014 முதல் 2017 வரை ஒவ்வொன்றாக வெளிவந்தவை இவை. நால்வரில் ஒருவர்கூட அந்த நாட்டில் பிறந்தவர் அல்லர். ரஷ்யா, ஜெர்மனி, போலந்து ஆகிய இடங்களில் பிறந்து, அங்கே போய்ச் சேர்ந்தவர்கள். ராஹேல் 1909-ல் வந்து இறங்கியபோது அவருக்கு ருஷ்ய பாஷையில்தான் கவி பாட வரும்; ரெஹோவோத் கிராமத்துச் சிசுப் பள்ளியில் குழந்தைகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஹீப்ரு கற்றுக்கொண்டார். இன்று அந்தக் கவியின் முகத்தைக் கொடுத்துத்தான் வெண்டைக்காய் வாங்குகிறார்கள். கவிகளுக்கு இதைவிட நல்ல கதி எந்த நாட்டில் கிடைத்தது?

நோட்டைக் கொடுப்பதற்கு முன் எண்ணத் தெரியவேண்டுமே! இங்கேதான் புது மாணாக்கர்கள் விழி பிதுங்குகிறார்கள். ஹீப்ருவில் எண்களுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. அது மட்டுமா? மற்றச் சொற்களில் பெண்பாலைக் காட்டுகிற 'ஆ' என்னும் ஈறு, மூன்று முதல் பத்து வரை எண்களில் ஆண்பாலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஷெகெல் ஆண்பால், ஆகவே மூன்று ஷெகெல் என்பதற்கு 'ஷ்லோஷா ஷ்காலிம்' என்று சொல்லவேண்டும். அகோரா பெண்பால், அதற்கு 'ஷாலோஷ் அகோரோட்'. ஆண் புடவை கட்டிக்கொண்டும் பெண் தலைப்பாகை வைத்துக்கொண்டும் வருவது போன்ற இந்த விபரீதத்தைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உருப்போட்டுப் பரீட்சை எழுதுகிறார்கள். மார்க்கெட்டுக்கு வந்தவுடன் மறந்துவிடுகிறார்கள். "ஹமேஷ் ஷெகெல்! ஹமேஷ் ஷெகெல்!" என்று கத்துகிற தக்காளி வியாபாரி இலக்கணப்படி இரண்டு குற்றம் செய்கிறான்: ஐந்து பெண்பாலாகிவிட்டது, ஷெகெல் பன்மையாகவில்லை. ரேடியோவில் பேசுகிறவர்கள் இதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்ளலாம். நமக்கென்னவோ, அந்த இரண்டு குற்றங்களும்தான் அந்தப் பாஷை பிழைத்துக்கொண்டது என்பதற்கு அத்தாட்சியாகத் தோன்றுகிறது. புஸ்தகத்தில் மட்டும் இருக்கிற பாஷையில் யார் தப்புச் செய்யப் போகிறார்கள்?

தக்காளி என்றதும் ஒரு கதை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தக்காளிக்கு ஹீப்ருவில் பெயர் கிடையாது. வேத காலத்து ரிஷிகள் தக்காளியைப் பார்த்ததில்லை. ஐரோப்பாவில் அதைக் 'காதல் ஆப்பிள்' என்று அழைக்கும் வழக்கம் இருந்தது. அதை ஒட்டி யெஹியேல் மிகேல் பைன்ஸ் என்பவர், மோகத்தைக் குறிக்கும் வேரிலிருந்து 'அக்வானியா' என்று ஒரு சொல்லை உண்டாக்கினார். பக்திமான்கள் பலர் முகம் சுளித்தார்கள். குடும்ப ஸ்திரீகள் கடைத்தெருவில் உச்சரிக்கத் தக்க சொல்லா இது? ஹீப்ருவைப் பேச்சு பாஷை ஆக்குவதே தம் பிறவிப் பயன் என்று உழைத்த எலியேஸர் பென் யெஹூதாவும் அதை ஏற்கவில்லை. அரபிச் சொல்லைத் தழுவி 'பாதூரா' என்று வைத்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான சொற்களைத் திரட்டிப் பேரகராதி செய்த அந்த மகான் தக்காளி விஷயத்தில் தோற்றுப்போனார். காய்கறிக்காரர்கள் 'அக்வானியா' பக்கம் சேர்ந்துவிட்டார்கள். இப்போது அந்தச் சொல்லில் மோகம் இருப்பது ஒருவருக்கும் தெரிவதில்லை.

பென் யெஹூதா 1881-ல் யாபா துறைமுகத்தில் வந்து இறங்கினார். 1882-ல் பிறந்த தம் மூத்த குமாரனின் காதில் ஹீப்ருவைத் தவிர வேறு பாஷை விழக்கூடாது என்று விரதம் பூண்டு, அந்தக் குழந்தையையும் தாயாரையும் படாத பாடு படுத்தினார். அவருடைய தியாகத்தைக் குறைத்துச் சொல்ல நமக்கு விருப்பமில்லை. ஆனால் அவருக்கு முன்பே ஜெருஸலேம் கடைத்தெருவில் ஹீப்ரு கொஞ்சம் கொஞ்சமாகக் கண் விழித்துக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். லடீனோ பேசுகிற யூதனும் யித்திஷ் பேசுகிற யூதனும் அரபி பேசுகிற யூதனும் ஒரே சந்தையில் சந்தித்தால் எந்தப் பாஷையில் பேரம் பேசுவது? மூவருக்கும் பொதுவாகத் தெரிந்தது பிரார்த்தனைப் புஸ்தகத்தின் பாஷை ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறி வியாபாரம் நடத்தினார்கள். சங்கம் கூட்டிச் செய்ய நினைத்த காரியத்தைத் தேவை என்பது முன்கூட்டியே தொடங்கி வைத்துவிட்டது.

புது உபயோகத்துக்கு வந்த பழைய சொற்கள் என்ன பாடுபட்டன என்பதைக் கல்லாப்பெட்டி அருகே நின்று பார்க்கலாம். கல்லாவுக்கு 'கூப்பா' என்று பெயர். பழைய நூல்களில் அது ஏழைகளுக்குத் தர்மப் பணம் சேர்க்கும் பெட்டி. கணக்குச் சீட்டு 'ஹெஷ்போன்'. ஆத்ம பரிசோதனைக்கு 'ஆத்மாவின் ஹெஷ்போன்' என்று சொல்வார்கள். முக்குக் கடைக்கு 'மகோலெட்'. ஸாலமன் ராஜா தமக்குத் தேவதாரு மரம் அனுப்பிய தீரு தேசத்து ராஜாவின் அரண்மனைக்குக் கோதுமை அளந்தாரே, அந்த ஆகாரத்துக்குப் பைபிளில் வழங்கிய பெயர் அது. இப்போது மகோலெட்டில் ரொட்டியும் சோப்புக் கட்டியும் கடனுக்குக் கிடைக்கின்றன. தள்ளுபடி விற்பனைக்கு 'மிவ்ட்ஸா' என்பார்கள். யுத்த நடவடிக்கைக்கும் அதே சொல்தான்; 1956 சினாய்ப் போருக்கு 'மிவ்ட்ஸா கதேஷ்' என்று பெயர். 'மிவ்ட்ஸா' என்று கொட்டை எழுத்தில் கண்டால், படை புறப்பட்டதா அல்லது பாலாடைக்கட்டி விலை குறைந்ததா என்று அடுத்த வரியையும் படித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த நாட்டுத் தாய்மார்களுக்கு இது வேடிக்கை அல்ல.

எல்லாவற்றிலும் அதிசயம் ரசீதுதான். 'பெற்றுக்கொண்டது' என்ற பொருளில் அதற்குக் 'கபாலா' என்று பெயர். யூத மதத்தின் பரம ரகசியமான ஞான மார்க்கத்துக்கும் கபாலா என்றுதான் பெயர். குரு பரம்பரையாகப் பெற்றுக்கொண்டது என்பது அங்கே கருத்து. "கபாலா வேண்டுமா?" என்று கடைக்காரப் பையன் கேட்கும்போது மோட்ச சாதனத்தையா கொடுக்கப் போகிறான்? அந்த ஞான மார்க்கத்தை ஆயுள் முழுவதும் ஆராய்ந்த கெர்ஷோம் ஷோலெம் என்ற பேராசிரியர், 1926-ல் ரோஸன்ஸ்வைக் என்ற தத்துவ ஞானிக்கு ஒரு கடிதம் எழுதினார். தெய்விக சக்தி நிரம்பிய சொற்களைத் தெருவுக்கு இழுத்து வந்து சாதாரணக் காரியங்களுக்கு உபயோகிக்கிறோம். அந்தச் சக்தி உள்ளே உறங்குகிறதே ஒழிய அழிந்துபோகவில்லை. ஒரு நாள் எரிமலையைப் போல் வெடித்துப் புறப்பட்டால் நம் குழந்தைகள் என்ன ஆவார்கள் என்று அவர் கவலைப்பட்டார். ரசீதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுகிறவர்களுக்கு இந்தப் பயம் இல்லை. அந்தத் தேசத்தின் சரித்திரத்தைப் படிக்கிறவர்கள் அவ்வளவு சுலபமாகப் பயத்தை விட்டுவிட முடியாது.

இனி மசாலைக் கடைக்கு வருவோம். இங்கே நமக்குப் பழைய உறவுக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். இஞ்சி கேட்டால் 'ஸங்க்வில்' என்று கொடுக்கிறார்கள். நம் 'இஞ்சி வேர்' என்பதுதான் வடமொழியிலும் கிரேக்கத்திலும் புகுந்து புறப்பட்டு இப்படி உருமாறிப்போயிற்று என்பது அறிஞர்கள் பலரின் கொள்கை. மிளகுக்குப் 'பில்பெல்', அதன் மூலம் வடமொழி 'பிப்பலி', நம் திப்பிலி. பைபிளில் ஸாலமனின் கப்பல்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் 'துக்கி' என்ற பட்சி, நம் 'தோகை'தான் என்று கால்டுவெல் முதலியோர் எழுதினார்கள். மயில் என்பது அங்கே பொருந்தும் பொருள். ஆனால் இன்று ஜெருஸலேமில் போய் 'துக்கி' கேட்டால் கிளியைக் கூண்டோடு எடுத்துக் கொடுப்பார்கள்! மூவாயிரம் வருஷத்தில் தோகை உதிர்ந்து மூக்குச் சிவந்துவிட்டது.

கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேல் போய்ச் சேர்ந்தார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாடிம் என்ற கிராமம் அவர்கள் குடியேறின இடங்களில் ஒன்று. மலையாளத்தில் கலியாணப் பாட்டுப் பாடிய ஸ்திரீகள் அங்கே போய் 'காமா ஸெ ஓலே'யிலிருந்து தொடங்கினார்கள். ஆலயத்தில் தலைமுறை தலைமுறையாக உச்சரித்த பாஷைதான்; மகோலெட்டில் நின்றபோது ஒரு வாக்கியம் வரவில்லை.

அவர்களைப் போன்றவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். 1948-க்குப் பிறகு மூன்றரை வருஷத்துக்குள் அந்நாட்டு யூத ஜனத்தொகை இரட்டித்தது. அவர்களுக்கு ஹீப்ரு கற்பிக்க 1949-ல் ஜெருஸலேமில் 'உல்பான் எட்ஸியோன்' என்ற பாடசாலை ஏற்பட்டது. இலக்கணத்தைப் பின்னால் தள்ளிவிட்டு, பஸ், கடை, டாக்டர், சம்பளம் என்று நாளைக்கே வேண்டிய சொற்களை முதலில் சொல்லிக் கொடுக்கும் முறையை உல்பான்கள் கைக்கொண்டன. அதே 1949-ல் 'ட்ஸேனா' என்ற சிக்கனத் திட்டமும் ஆரம்பமாயிற்று. முட்டைக்கும் எண்ணெய்க்கும் துணிக்கும் ரேஷன் கூப்பன். காலையில் விலை கேட்கப் பாடம் படித்தவர்கள் மாலையில் கியூவில் நின்று, கையில் காசு இருந்தும் வாங்கச் சரக்கு இல்லாததைக் கண்டார்கள். ரேஷன் முழுவதும் ஒழிய 1959 ஆயிற்று.

விலைவாசிக்கு அவர்கள் சொல்லும் சொல் 'யோகெர் ஹமிஹ்யா'. வாழ்க்கையின் கிராக்கி என்று பொருள். இந்தச் சொல்லுக்கு மந்திரிகள் பயப்படுகிறார்கள். 2011-ல் 'காட்டேஜ்' என்ற பாலாடைக்கட்டி, ஒரு சிறு டப்பா 8 ஷெகெலைத் தொட்டபோது, அதை வாங்குவதில்லை என்று ஒரு லட்சம் பேர் சேர்ந்து பகிஷ்காரம் செய்தார்கள். கம்பெனிகள் விலையை இறக்கின. அந்தக் கோடையிலேயே டெல் அவீவ் நகரின் ராத்ஷீல்ட் சாலையில் வீட்டு வாடகையை எதிர்த்துக் கூடாரங்கள் முளைத்தன. பகிஷ்காரத்தின் வல்லமை இன்னதென்று நம் நாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை.

பாஷை கற்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு தர்ம சங்கடமும் உண்டு. சுமார் கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற தர்ம நூல் கடைத்தெருவைப் பற்றி மிகவும் நுட்பமாகப் பேசுகிறது. நியாய விலையை விட ஆறில் ஒரு பங்குக்கு ஏமாற்றிவிட்டால் அது மோசடி. வாங்கினவன் வழக்குக்கு வரலாம். அதோடு நிற்கவில்லை. பணத்தில் மோசடி இருப்பது போல் வார்த்தையிலும் மோசடி உண்டு. வாங்கும் எண்ணம் இல்லாதவன் இது என்ன விலை என்று கேட்கக்கூடாது என்கிறது! ஆசை காட்டி வியாபாரியின் மனத்தை நோகச் செய்வது பாவமாம். ஆக, வாக்கியம் பழகிக்கொள்வதற்காகக் கடை கடையாக "காமா ஸெ ஓலே?" என்று கேட்டுக்கொண்டு போகிற அயல்நாட்டு மாணாக்கர் ஒவ்வொரு கடையிலும் தர்மம் தவறுகிறார். பரிகாரம் சுலபந்தான், கடைக்கு ஒரு எலுமிச்சம்பழமாவது வாங்கிக்கொள்ள வேண்டும். பாஷை தேறுவதற்குள் வீடு நிறைய எலுமிச்சம்பழம் சேர்ந்துவிடும்.

இதுவரையில் வெற்றிக் கதையாகவே சொல்லி வந்தோம். வெற்றி பெற்ற பாஷைக்கு எதிரில் தோற்ற பாஷைகளும் உண்டு. 1923-ல் டெல் அவீவில் 'பாஷைக் காவலர் படை' ஒன்று கிளம்பிற்று. 'ஹீப்ரு மனிதனே, ஹீப்ரு பேசு' என்பது அவர்கள் கோஷம். யித்திஷில் எழுதிய பலகைகளைக் கண்டால் சண்டைக்குப் போனார்கள். 1930-ல் ஒரு யித்திஷ் பேசும் படத்தைத் திரையிட்டபோது கொட்டகையில் கலகம் நடந்தது. அந்தப் படத்தின் பெயரே 'என் யூதத் தாய்' என்பது. தாயின் பெயரால் வந்த படத்தைத் தாய் பேசிய பாஷைக்காகவே விரட்டினார்கள் பிள்ளைகள்! தேசாபிமானம் என்ற தீ அடுப்பில் இருக்கும்போது சோறு ஆக்கும். கூரையில் ஏறினால் என்ன செய்யும் என்று நாம் அறியாதவர்கள் அல்ல.

மஹனே யெஹூதாவிலிருந்து சற்றுத் தூரம் நடந்தால் மேயா ஷெயாரிம் என்ற பேட்டை வரும். அங்கே வைதிக யூதர்கள் பலர் இன்னும் யித்திஷில்தான் விலை கேட்கிறார்கள். வேத பாஷையில் பேரம் பேசுவது அபசாரம் என்பது அவர்களில் தீவிர வைதிகர்களின் கட்சி. பட்டுப் புடவை அவர்கள் வீட்டில் இன்னும் பெட்டியில் இருக்கிறது.

இன்னும் கிழக்கே போய் டமாஸ்கஸ் வாசல் வழியாகப் பழைய நகரத்துக்குள் நுழைந்தால், கூடை பின்னே திராட்சை இலை விற்கிற கிழவியிடம் "அத்தேஷ்?" என்று அரபியில் கேட்கவேண்டும். சொல் வேறானாலும் வாங்கிக்கொள்ளும் காசு அதே ஷெகெல்தான்; அரபிகள் அதற்கு 'ஷவாகெல்' என்று தங்கள் இலக்கணப்படி பன்மை செய்துகொண்டிருக்கிறார்கள். ஹீப்ருவில் 'ஷூக்', அரபியில் 'ஸூக்'. சந்தை என்ற சொல்லில் அக்காளும் தங்கையுமாக இருக்கிற இரண்டு பாஷைகள் ஒன்றையொன்று ஏறிட்டுப் பார்க்க மறுக்கின்றன. 1922 முதல் அரபியும் ராஜ்ய பாஷையாக இருந்தது. 2018-ல் நிறைவேறிய ஒரு சட்டம் அந்த ஸ்தானத்தை எடுத்துவிட்டு 'விசேஷ அந்தஸ்து' என்று கொடுத்தது. 1967-க்குப் பிறகு கட்டட வேலைக்கும் சமையற்கூடத்துக்கும் வந்த பலஸ்தீனத் தொழிலாளர்கள் கூலி பேசுவதற்காகவே ஹீப்ரு கற்றார்கள். 2023 அக்டோபரில் யுத்தம் மூண்டபின் அவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே வர அனுமதி நின்றுவிட்டது. அவர்கள் கற்ற உல்பானுக்குக் கட்டடம் இல்லை, வாத்தியார் இல்லை, சர்டிபிகேட்டும் இல்லை. வீட்டைக் கட்டிக்கொடுத்தவனுக்கு அந்த வீட்டு வாசலில் விலை கேட்கிற பாஷை தெரிந்திருந்தது. வாசலுக்கு உள்ளே பேசுகிற பாஷையை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க இரு தரப்பிலும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆனதும் மஹனே யெஹூதாவில் ஒரு பரபரப்பு. மீந்த கீரையை யார் வாங்குவது? விலைகள் இறங்குகின்றன, ஏறுதல் என்ற சொல்லுக்கு அந்த ஒரு மணி நேரம் அர்த்தமே இல்லை. பின்னல் பின்னலாகச் செய்த 'ஹல்லா' ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடுகிறார்கள். சூரியன் சாய்ந்தால் ஷபாத் பிறந்துவிடும். வைதிகர்கள் அந்த நாளில் பணத்தைத் தொடுவதில்லை. தொடாதது மட்டுமல்ல, வியாபாரப் பேச்சும் கூடாது, விலை பேசுவதும் கூடாது என்பது விதி. கல்லாப்பெட்டிகள் பூட்டப்படுகின்றன. ஆலயங்களில் விளக்கு எரிகிறது. ஹீப்ரு தன் பழைய வேலைக்குத் திரும்புகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு அவர்கள் பாஷையில் 'முதல் நாள்' என்று பெயர். அன்று காலையில் இரும்புக் கதவுகள் கடகடவென்று மேலே ஏறுகின்றன. தக்காளிக்காரன் பழையபடி இரண்டு இலக்கணக் குற்றங்களோடு கத்தத் தொடங்குகிறான்.